தலைமைப் பொறியாளர்: கப்பலில் இச்சொல்லுக்கு என்ன பொருள்?

தருமபுரியில் ‘சீஃப் இன்ஜினியர்’ என்ற சொல் காதில் விழுந்தால் மின்வாரியமோ பொதுப்பணித் துறையோதான் முதலில் நினைவுக்கு வரும். உதவிப் பொறியாளர், உதவி செயற்பொறியாளர், செயற்பொறியாளர் எனப் படிப்படியாக ஏறும் அரசுப் பணியில் ஏறக்குறைய உச்சியில் இருப்பவர் அவர். பல மாவட்டங்களின் கோப்புகள் அவர் மேசைக்குப் போகும். கடற்கரையே இல்லாத மாவட்டம் என்பதால், அதே சொல் கப்பலில் முற்றிலும் வேறான ஒரு பொறுப்பைக் குறிக்கிறது என்பது, வீட்டுப் பிள்ளை ஒருவர் மெர்ச்சன்ட் நேவியில் சேர்ந்த பிறகே இங்கே பலருக்குத் தெரிய வருகிறது. பர்கூரிலும் செட்டிக்கரையிலும் உள்ள அரசுப் பொறியியல் கல்லூரிகளில் மெக்கானிக்கல் முடிப்பவர்களுக்கும் ஓராண்டுப் பயிற்சியின் மூலம் கப்பலேறும் வழி திறந்திருப்பதால், இச்சொல்லைப் பிரித்துப் பார்ப்பது வீண் வேலையன்று.

கடலோடிகளின் பயிற்சிக்கும் சான்றிதழுக்கும் உலக அளவில் அடிப்படையாக விளங்கும் 1978ஆம் ஆண்டின் எஸ்.டி.சி.டபிள்யூ. உடன்படிக்கை, கப்பலை உந்திச் செல்லும் இயந்திரங்களுக்கும், அதன் இயந்திர, மின் அமைப்புகள் அனைத்தின் இயக்கத்துக்கும் பராமரிப்புக்கும் பொறுப்பேற்கும் மூத்த பொறியாளரையே இப்பெயரால் குறிக்கிறது. முதன்மை எஞ்சினின் திறன் 3000 கிலோவாட்டோ அதற்கு மேலோ உள்ள கப்பல்களுக்குத் தனித் தகுதியும், 750 முதல் 3000 கிலோவாட் வரை உள்ளவற்றுக்கு வேறு தகுதியும் அதில் வகுக்கப்பட்டுள்ளன. இந்தியாவில் எம்.இ.ஓ. (மரைன் இன்ஜினியர் ஆஃபீசர்) நான்காம் வகுப்பு, இரண்டாம் வகுப்பு, முதல் வகுப்பு என்று எண் குறையக் குறையத் தகுதி உயரும் தேர்வுகளைக் கடந்தே ஒருவர் அந்த இடத்துக்கு வர முடியும்.

கப்பல் எங்கே போகவேண்டும் என்பதைக் கேப்டன் முடிவு செய்கிறார். போவதற்கான உந்துதலும் மின்சாரமும் குறையாமல் கிடைக்கச் செய்வது தலைமைப் பொறியாளரின் கடமை. அன்றாடப் பழுதுபார்ப்பைப் பெரும்பாலும் இரண்டாம் பொறியாளரே முன்னின்று நடத்துவார். தலைமைப் பொறியாளர் வழக்கமாகக் காவல்முறையில் (எஞ்சின் அறையை முறைவைத்துக் கண்காணிக்கும் ‘வாட்ச்’ பணியில்) நிற்பதில்லை. நிலையான கட்டளைகளை எழுதி வைத்து, உதிரிப் பாகங்களையும் எரிபொருள் இருப்பையும் கணக்கிட்டு, கப்பலிலிருந்து நாள்தோறும் அனுப்பப்படும் நண்பகல் அறிக்கைக்கான எண்களைத் தருகிறார். எஞ்சின் அறையில் கட்டுக்கடங்காத தீப்பிடித்தால், ஆட்கள் அனைவரும் வெளியேறிவிட்டதைத் தலையெண்ணி உறுதிசெய்து, கேப்டனின் ஒப்புதலோடு கரியமில வாயுவைத் திறந்துவிடும் பொறுப்பும் பொதுவாக அவருடையதே.

அவருடைய பொறுப்பின் கனம் எரிபொருள் ஏற்றும் நாளில்தான் கண்ணுக்குத் தெரியும். எண்ணெய்ப் படகு பக்கத்தில் வந்து நின்றதும், இரு தரப்பு ஆட்களும் சேர்ந்து தொட்டிகளில் அளவு நாடாவை இறக்கி ஆழம் பார்க்கிறார்கள். சூடாக்கப்பட்ட கனரக எண்ணெய் விரிவடைந்து கன அளவு கூடிக் காட்டும் என்பதால், வெப்பநிலையையும் அடர்த்தியையும் கொண்டு திருத்திய பிறகே எடை எத்தனை டன் என்று சொல்ல முடியும். எண்ணெயில் காற்றுக் குமிழி கலந்திருந்தால் அந்தக் கணக்கும் ஏமாற்றும். 2020 ஜனவரி 1 முதல் கப்பல் எரிபொருளில் கந்தகம் 0.50 விழுக்காட்டுக்கு மேல் இருக்கக்கூடாது என்ற உலக வரம்பு நடைமுறையில் உள்ளது (புகையிலிருந்து கந்தகத்தை நீக்கும் கழுவு கருவியைப் புகைபோக்கியில் பொருத்திய கப்பல்களுக்கு விலக்கு உண்டு). ஆகவே முத்திரையிட்ட மாதிரிப் புட்டியின் எண்ணைச் சரிபார்த்து விநியோகச் சீட்டில் இடும் கையெழுத்து வெறும் சம்பிரதாயம் அன்று. அந்தச் சீட்டை மூன்றாண்டுகள் கப்பலில் பாதுகாக்க வேண்டும்.

இனிச் சொல்லின் வேர். ‘சீஃப்’ என்பது தலையைக் குறிக்கும் ‘கபுட்’ என்ற இலத்தீன் சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. ‘இன்ஜினியர்’ என்பதற்கு மூலம், இயல்பான அறிவையும் சாமர்த்தியத்தையும் குறிக்கும் ‘இங்கேனியம்’. இடைக்கால ஐரோப்பாவில் அது கோட்டைகளைத் தாக்கும் போர்க்கருவிகளைச் செய்பவரின் பெயராயிற்று. தமிழிலும் ‘தலைமை’ தலையிலிருந்தே பிறக்கிறது. ‘பொறி’யோ, மதுரைக் கோட்டையின் காவலை வருணிக்கும் சிலப்பதிகார அடிகளில் ‘வளைவிற் பொறி’ எனத் தானே வளைந்து அம்பெய்யும் கருவியாக நிற்கிறது. ஒன்றையொன்று அறியாத இரு மொழிகள் போர்க்கருவியிலிருந்தே இச்சொல்லுக்கு வந்து சேர்ந்திருப்பதால், ‘தலைமைப் பொறியாளர்’ என்பது ஒப்புக்குச் செய்த மொழிபெயர்ப்பு அன்று என்பது என் கருத்து.

பாய்மரக் காலத்துத் தமிழில் இப்பதவிக்குச் சொல் இல்லை, இருக்கவும் வழியில்லை. கப்பலைச் செலுத்துபவனுக்கு ‘மீகாமன்’ இருந்தான். ‘மாலுமி’யும் ‘சுக்கா’னும் அரபு வழியாக வந்து தமிழாகிவிட்டன. எஞ்சின் அறை நீராவியோடுதான் வந்தது. வ.உ.சி. 1906இல் தூத்துக்குடியில் தொடங்கிய சுதேசி நீராவிக் கப்பல் கம்பெனியின் பெயரிலேயே அந்த மாற்றம் பதிந்திருக்கிறது. அவரோடு சிறை சென்ற சுப்பிரமணிய சிவாவின் நினைவிடம் பாப்பாரப்பட்டியில் இருப்பதால், தருமபுரிக்காரருக்கு இந்தக் கப்பல் கதை அவ்வளவு தொலைவும் இல்லை.

‘முதன்மைப் பொறியாளர்’ என்றும் சிலர் எழுதுகிறார்கள். பொருள் பிழையில்லை, ஆயினும் அரசு ஆவணங்களில் வேரூன்றிய சொல் இருக்க மற்றொன்றைப் புகுத்தத் தேவையில்லை. இலங்கையில் ‘பிரதம பொறியியலாளர்’ வழங்குகிறது. ‘கடல்சார் பொறியாளர்’ என்பதை நான் ஏற்பதில்லை. அது துறைமுகமும் கடலரிப்புத் தடுப்பும் கட்டுபவரையும் உள்ளடக்கிவிடும். மின்வாரியத்தவரோடு குழப்பம் நேராதிருக்க, முதல்முறை எழுதும்போது ‘கப்பலின் தலைமைப் பொறியாளர்’ என்று முழுமையாக எழுதிவிட்டுப் பின்னர் சுருக்கிக்கொள்ளலாம்.

அடுத்த நிலையில் இருப்பவரை மொழிபெயர்க்கும்போதுதான் கவனம் வேண்டும். இந்திய, பிரிட்டிஷ் மரபில் ‘முதல் பொறியாளர்’ என்று தனியே ஒருவர் இல்லை. தலைவரே முதலாமவர் என்பதால் அவருக்கு அடுத்தவர் ‘இரண்டாம் பொறியாளர்’, பிறகு மூன்றாமவர், நான்காமவர். மூன்றாமவரை ‘தீன் சாப்’ என்று இந்திய மாலுமிகள் இந்தியில் அழைப்பதும் இந்த எண்ணிக்கையை ஒட்டியே. அமெரிக்கக் கப்பல்களிலோ அதே இரண்டாமவர் ‘முதல் உதவிப் பொறியாளர்’ எனப்படுகிறார். ஆகவே அங்கே ‘இரண்டாம் உதவிப் பொறியாளர்’ என்று கண்டால் அவர் நம் கணக்கில் மூன்றாமவர்.