ஐந்து எப்படி இருபத்திரண்டு ஆகிறது?

ஈமாக்ஸ் என்னும் உரைத்திருத்தியையும் அதன் நிரல்மொழியான லிஸ்ப்பையும் பயன்படுத்தும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "என் கணினி 64 பிட். குறியுள்ள முழுஎண் 9223372036854775807 வரை போக வேண்டும். ஆனால் ஈமாக்ஸ் லிஸ்ப் தன் உச்ச எண் 2305843009213693951 என்கிறதே! முக்கால் பங்கு எங்கே போயிற்று?"

முத்திரைக்குப் போயிற்று. லிஸ்ப்பில் மாறியின் வகையை முன்கூட்டியே அறிவிப்பதில்லை. எண்ணா, எழுத்துச் சரமா, பட்டியலா என்பதை மதிப்பேதான் சொல்லியாக வேண்டும். சி மொழியில் எழுதப்பட்ட ஈமாக்ஸின் உட்பகுதி எல்லா மதிப்பையும் 64 பிட் கட்டம் ஒன்றில் வைக்கிறது. பொருள்கள் எட்டின் மடங்கான முகவரிகளில் இருப்பதால் முகவரியின் கடைசி மூன்று பிட்களும் பூஜ்யம். சும்மா கிடக்கும் அந்த இடத்தில் வகை முத்திரை விழுகிறது: சரத்துக்கு 4, தசம எண்ணுக்கு 7.

முழுஎண்ணுக்கு மட்டும் இரண்டு முத்திரைகள், 2-ம் 6-ம். இருமத்தில் எழுதிப் பாருங்கள்: 010, 110. கடைசி இரண்டு பிட்கள் ஒன்றே. மூன்றாவது பிட் உண்மையில் முத்திரையே அல்ல; எண்ணின் சொந்தக் கடைசி பிட்! எண்ணை நான்கால் பெருக்கி (அதாவது பிட்களை இரண்டு இடம் இடப்பக்கம் நகர்த்தி) இரண்டைக் கூட்டினால் வேலை முடிந்தது. 4 என்பது 18 ஆகிறது, இருமத்தில் 10010. 5 என்பது 22, அதாவது 10110. இரட்டைப்படைக்கு 2, ஒற்றைப்படைக்கு 6 என்று தானாகவே அமைந்துவிடுகிறது. கூடுதலாக ஒரு முத்திரையைச் செலவழித்ததில் எண்களின் வீச்சு இரண்டு மடங்காகிவிட்டது. இந்தக் கணக்கைப் போட்டவரின் கையைக் குலுக்க வேண்டும்.

ஆபத்து, இயங்குதளம் தரும் முழு அளவு எண்ணை இதற்குள் அடைக்கும்போது வருகிறது. 32 பிட் கணினியில் லிஸ்ப் எண்ணுக்கு 30 பிட்தான். 600 மெகாபைட் கோப்பின் அளவு 629145600. வீச்சைப் பார்க்காமல் நகர்த்தி முத்திரை குத்தினால் திரும்பப் படிக்கும்போது -444596224 என்று வரும். ஆகவே முதலில் சோதனை, பிறகுதான் நகர்த்தல். கணக்கைச் செய்துவிட்டு, விடை இடத்தில் அடங்காமல் வழிந்ததா என்று பார்ப்பதும் உதவாது. குறியுள்ள எண் வழிந்தால் என்ன ஆகும் என்று சி மொழி வரையறுக்கவே இல்லை. வழியாது என்று எடுத்துக்கொண்டு, நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலர் நம் சோதனையையே நீக்கிவிடலாம்.

இந்த வீச்சுக்குள் கொள்ளாத எண்களைத் தசம எண்ணாக்குவது பழைய வழக்கம். 9007199254740993-ஐ அப்படி மாற்றினால் கடைசி 3 சத்தமில்லாமல் 2 ஆகிவிடும். 2020-இல் வந்த ஈமாக்ஸ் 27, பெரிய எண்களைக் கையாளும் ஜிஎம்பி என்ற நிரல் நூலகத்தின் துணையோடு எவ்வளவு பெரிய முழுஎண்ணையும் ஏற்கத் தொடங்கியது; வாசகர் கண்ட உச்சம் ஒரே கட்டத்தில் அடங்கும் எண்ணுக்கு மட்டுமே. ராக்கெட்டுக்குக் கிடைக்கும் கைதட்டலும் நிதியும் இத்தகைய நூலகங்களுக்குக் கிடைப்பதில்லை என்பது என் நெடுநாள் மனக்குறை.

"64 பிட் வந்தாயிற்று, இனி எதுவும் வழியாது" என்பது எலுமிச்சம்பழத்தை நசுக்கிவிட்டதால் வண்டிக்கு விபத்தே வராது என்று நம்புவதைப் போன்றது. 64 பிட்டையும் நிரப்பும் ஹாஷ் மதிப்பு (தரவைச் சுருக்கிக் கணக்கிடும் அடையாள எண்) 62 பிட்டில் எப்படி அடங்கும்? எதிர்த்திசையும் அவ்வளவு எளிதல்ல: லிஸ்ப்பின் -1-ஐ, எதிர்ம எண்ணுக்கு இடமில்லாத (குறியற்ற) 32 பிட் சி வகைக்குள் திணித்தால் 4294967295 ஆகிவிடும். சி மொழி இதை முறைப்படியே அனுமதிக்கிறது. பிழை என்று சொல்லி நிறுத்துவது நிரல் எழுதுபவரின் பொறுப்பு.