ஐக்யூ 140: டெர்மன் தேடிப் பிடித்த பிள்ளைகள் என்ன ஆனார்கள்?

எட்டு வயதுப் பிள்ளை பன்னிரண்டு வயதுக்காரர்களுக்கான கேள்விகள் வரை பதில் சொல்லிவிட்டால் அதன் ஐக்யூ, அதாவது அறிவுத்திறன் எண், 150. பன்னிரண்டை எட்டால் வகுத்து நூறால் பெருக்க வேண்டும், கணக்கு அவ்வளவுதான். ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக உளவியலாளர் லூயிஸ் டெர்மன் 1916இல் வெளியிட்ட சோதனை இப்படித்தான் மதிப்பெண் போட்டது. ஒரு பிள்ளை தன் வயதொத்தவர்களை இன்றைக்கு எவ்வளவு முந்தியிருக்கிறது என்பதை இந்த எண் சொல்லும். நாற்பது வயதில் என்ன சாதிக்கும் என்பதையும் சொல்லுமா?

சொல்லும் என்று டெர்மன் உறுதியாக நம்பினார். 1921இல் கலிஃபோர்னியாவின் பள்ளிகளில் தேடத் தொடங்கி, பெரும்பாலும் 140ஐத் தொட்ட அல்லது தாண்டிய 1,500க்கும் மேற்பட்ட பிள்ளைகளைச் சேர்த்தார். 1956இல் அவர் இறந்த பிறகும் அவர்களைப் பின்தொடரும் வேலை நிற்கவில்லை.

மொத்தமாகப் பார்த்தால் நன்றாகவே வாழ்ந்தார்கள். அந்தக் காலத்தில் கல்லூரிப் பட்டம் வாங்கியவர்கள் கொஞ்சம் பேர்தான். இவர்களில் பெரும்பாலோர் வாங்கினார்கள். உணவுக்கும் இதய நோய்க்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்த ஆன்செல் கீஸ் இந்தக் குழுவில் ஒருவர். ஆனால் நோபல் பரிசு யாருக்கும் கிடைக்கவில்லை. சோதனையில் தேறாமல் விடுபட்ட வில்லியம் ஷாக்லிக்கும் லூயிஸ் ஆல்வரெஸுக்கும் பின்னாளில் இயற்பியல் நோபல் கிடைத்தது. இந்தக் கதையைப் பலரும் விரும்பிச் சொல்கிறார்கள். இதை வைத்துப் பெரிதாக எதையும் நிறுவ முடியாது என்பது என் எண்ணம். நோபல் அவ்வளவு அரிது. எந்த 1,500 பேரை எடுத்தாலும் ஒருவர்கூட வாங்காமல் போக வாய்ப்பு அதிகம்.

இதைவிட முக்கியமானது டெர்மன் குழுவினர் பின்னர் செய்த ஒப்பீடு. ஆண்களில் மிகவும் முன்னேறிய 150 பேரையும் மிகவும் பின்தங்கிய 150 பேரையும் எடுத்துப் பார்த்தார்கள். இருதரப்புக்கும் ஐக்யூவில் பெரிய வித்தியாசமே இல்லை. எடுத்த காரியத்தை விடாமல் முடிப்பது, இலக்கில் தெளிவு, தன்னம்பிக்கை, அப்புறம் படிப்பை மதிக்கும் குடும்பம், இவற்றில்தான் இருதரப்பும் விலகி நின்றன. வெற்றியே தன்னம்பிக்கையை வளர்த்திருக்கவும் கூடும். எது காரணம், எது விளைவு என்று இந்த ஒப்பீட்டால் பிரிக்க முடியாது. போதாக்குறைக்கு, டெர்மனே இந்தக் குழுவின் பிள்ளைகளுக்குப் பரிந்துரைக் கடிதங்கள் எழுதிக் கொடுத்தார்; அவர்களின் முன்னேற்றத்தில் அதற்கும் பங்கு இருந்திருக்கலாம்.

என்னை மிகவும் உறுத்துவது அந்தப் பெண்களின் கதை. குழுவில் அறுநூறு பேருக்கு மேல் பெண்கள். ஆண்களுக்கு இணையான மதிப்பெண்கள். நடுவயதில் பார்த்தால் அவர்களில் சுமார் பாதிப்பேர் வேலைக்குப் போகாமல் வீட்டைக் கவனித்துக்கொண்டிருந்தார்கள். அதை விரும்பித் தேர்ந்தவர்களும் இருந்திருப்பார்கள். ஆனால் ஆய்வுக்கூடங்களும் பல்கலைக்கழகங்களும் பெண்களை எடுக்கத் தயங்கிய காலத்தில், எந்த ஐக்யூவும் அந்தக் கதவுகளைத் திறந்திருக்காது.

அப்படியானால் சிறுவயதுச் சோதனைக்கு எதிர்காலத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமே இல்லையா? இருக்கிறது. 1971இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜூலியன் ஸ்டான்லி வேறு வழியில் போனார். வகுப்புத் தேர்வில் கெட்டிக்காரப் பிள்ளைகள் எல்லோரும் நூற்றுக்கு நூறு வாங்கிவிடுவதால் அவர்களுக்குள் இருக்கும் வித்தியாசம் தெரியாது. அதனால் கல்லூரியில் சேரப்போகும் பதினேழு, பதினெட்டு வயதினர் எழுதும் எஸ்ஏடி தேர்வைப் பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளைகளிடம் கொடுத்தார். திறனில் முதல் ஒரு சதவீதத்தில் வரும் பிள்ளைகளுக்குள்ளேயே பெரிய இடைவெளிகள் தெரிந்தன. பல பத்தாண்டுகள் கழித்து, அந்த ஒரு சதவீதத்திலும் மதிப்பெண்ணில் மேலே இருந்தவர்களே அதிகமாக முனைவர் பட்டமும் கண்டுபிடிப்புகளுக்கான காப்புரிமையும் பெற்றிருந்தார்கள்.

ஸ்டான்லிக்குப் பின் டேவிட் லுபின்ஸ்கியும் கமிலா பென்போவும் இந்த ஆய்வைத் தொடர்ந்தார்கள். கணிதத்தில் ஒரே அளவு திறன் காட்டிய பிள்ளைகளில், ஒரு வகுப்பைத் தாண்டி மேல் வகுப்பில் சேர்க்கப்பட்டவர்களையும் அப்படிச் சேர்க்கப்படாதவர்களையும் ஒப்பிட்டார்கள். தாண்டிப் போனவர்களே பிற்காலத்தில் முனைவர் பட்டமும் காப்புரிமையும் அதிகம் பெற்றிருந்தார்கள்.