பவுடர்: கருமருந்து, வெடிமருந்து, உந்துமருந்து

அமெரிக்காவில் சுட்டு முடித்த பித்தளைக் கூட்டைச் சேர்த்துவைத்து, வீட்டிலேயே மருந்து நிரப்பி மறுபடியும் தோட்டாவாக்கிக்கொள்ளும் வேட்டைக்காரர்கள் நிறையப் பேர் உண்டு. அவர்கள் பேச்சில் ஓயாமல் வரும் சொல் பவுடர். இதைப் பற்றித் தமிழில் எழுதும்போது கை தானாக 'வெடிமருந்து' என்று எழுதிவிடுகிறது. அந்த இடத்தில் அந்தச் சொல் சரியில்லை என்பது என் உறுதியான கருத்து. ஏன் என்று விளங்க .45-70 தோட்டாவை எடுத்துக்கொள்ளலாம். பழைய மருந்தின் அளவைப் பெயரில் வைத்துக்கொண்டு, இன்று வேறொரு மருந்தால் நிரப்பப்படும் தோட்டா அது.

முதலில் சொல். பவுடர் என்பது பழைய பிரெஞ்சு வழியாக லத்தீனிலிருந்து ஆங்கிலத்துக்குப் போனது. மூலப் பொருள் தூசி, தூள். நம் பக்கத்து மொழிகள் பொருளின் உருவத்தைப் பார்க்கவில்லை, அது கலவை என்பதைப் பார்த்தன. தமிழில் மருந்து, மலையாளத்தில் வெடிமருந்நு, தெலுங்கில் மந்து, சிங்களத்தில் வெடி பெஹெத். எல்லாமே நோய்க்குக் கொடுக்கும் மருந்தின் பெயர்கள்தான். சீன மொழியில் இதன் பெயர் ஹுவோயாவ், அதாவது தீமருந்து. ஆயுளை நீட்டும் மருந்தைத் தேடிய சீன ரசவாதிகளின் கையில் பிறந்த கலவை என்பதால் அங்கே அந்தப் பெயருக்கு நேரடிக் காரணமே இருக்கிறது. சிவகாசியில் இன்றும் 'மருந்து கலக்கும் அறை', 'மணிமருந்து' என்றுதான் சொல்கிறார்கள். கூடவே நாம் பயன்படுத்தும் தோட்டா என்ற சொல் உருது வழியாகவும், துப்பாக்கி என்ற சொல் துருக்கிய மூலத்திலிருந்தும் வந்தவை. மருந்து மட்டும் நம்முடையது.

பழைய மருந்துக்குக் கருமருந்து என்ற பெயர் கச்சிதமாகப் பொருந்துகிறது. வழக்கமான விகிதத்தில் நூற்றுக்கு 75 பங்கு வெடியுப்பு, 15 பங்கு கரி, 10 பங்கு கந்தகம். தொடக்கத்தில் உண்மையாகவே தூளாக இருந்தது. பிறகு ஈரப்படுத்தி, அழுத்தி, உடைத்து, சலித்துக் குருணையாக்கக் கற்றுக்கொண்டார்கள். குருணைகளுக்கு நடுவே தீ புகுந்து ஓட இடம் கிடைத்ததால் மருந்து ஒரே சீராக எரிந்தது. குருணை பெரியதென்றால் மெதுவாக எரியும், சிறியதென்றால் வேகமாக எரியும். டப்பாவின் மேல் ஓர் எஃப், இரண்டு எஃப், மூன்று எஃப் என்று போடுவது இந்தக் குருணை அளவைத்தான். எஃப் கூடக் கூடக் குருணை சிறுக்கும்.

அமெரிக்க ராணுவம் 1873-இல் ஏற்றுக்கொண்ட .45-70 தோட்டாவின் பெயரைப் பிரித்தால், குழலின் வாய் 0.45 அங்குலம், கருமருந்து 70 கிரெயின். முழுப் பெயர் .45-70-405. கடைசி எண் ஈயக் குண்டின் எடை, அதுவும் கிரெயினில். ஒரு பவுண்டுக்கு 7,000 கிரெயின் என்பதால் மருந்து சுமார் 4.5 கிராம், குண்டு சுமார் 26 கிராம். கிரெயின் என்றால் தானிய மணி, பார்லி மணியின் எடையில் பிறந்த அளவு. நம் ஊரில் நெல்லெடை, குன்றிமணி என்று பொன் நிறுத்தது போலத்தான். ஆனால் தமிழில் இதைக் 'குருணை' என்று பெயர்த்தால் பெரிய குழப்பம் வரும். மருந்தின் துகளுக்கும் அதே பெயர் இருப்பதால், 'எழுபது குருணை' என்றால் எழுபது துகளா, எடையா என்று தெரியாது. எடைக்குக் கிரெயின் என்றே வைத்துக்கொள்வதுதான் நல்லது.

அப்புறம் 1884-இல் பிரான்சில் பால் வியேய் புகையில்லாத மருந்தைச் செய்தார். 1886-இல் லெபெல் ரைஃபிள் அதை வைத்துக்கொண்டு வந்தது. 1889-இல் பிரிட்டனில் ஏபெல், டூவர் என்ற இரண்டு அறிவியலாளர்கள் கார்டைட்டைக் கொண்டுவந்தார்கள். கயிறு போல நீளமாக இழுத்துச் செய்ததால் அந்தப் பெயர். நீலகிரியில் அருவங்காடு தொழிற்சாலைக்குப் பெயர் தந்தது இதே கார்டைட்தான். செய்தித்தாள்கள் அதை வெடிமருந்துத் தொழிற்சாலை என்று எழுதுகின்றன.

புகையில்லா மருந்தில் கரியும் இல்லை, கந்தகமும் இல்லை. பஞ்சு போன்ற செல்லுலோசை நைட்ரிக் அமிலத்தோடு சேர்த்துச் செய்த நைட்ரோசெல்லுலோசுதான் அதன் அடிப்படை. சிலவற்றில் நைட்ரோகிளிசரினும் சேரும். குச்சி, உருண்டை, செதில் என்று வடிவம் வேறுபடும். பெயரில்தான் பவுடர், உண்மையில் தூள் இல்லை. முக்கியமானது இது: தோட்டாவுக்குள் அது வெடிப்பதில்லை, எரிகிறது. குவாரியில் பாறையைப் பிளக்கும் வெடியில் அதிர்வலை ஒலியைவிட வேகமாகப் பொருளுக்குள் பாய்கிறது. இங்கே ஒவ்வொரு துகளும் வெளிப்பக்கத்திலிருந்து உள்நோக்கி எரிந்து, வாயுவாகி, குண்டைத் தள்ளுகிறது. அழுத்தம் கூடினால் எரியும் வேகமும் கூடும். ஆகவே இதன் வேலையைச் சொல்லும் பெயர் உந்துமருந்து. வெடிமருந்து என்பதைப் பாறை பிளப்பதற்கும் வெடிகுண்டு தயாரிப்பதற்கும் விட்டுவிடலாம். உந்துமருந்து என்று சொன்னால்தான் 'எரிவேகம்' என்ற அடுத்த சொல்லுக்கும் பொருள் வருகிறது, மருந்தைத் தேர்ந்தெடுப்பது முழுக்க அந்தச் சொல்லில்தான் நிற்கிறது.

நெம்புகோல் ரைஃபிள் என்பது விசைக்குப் பின்னால் இருக்கும் வளையத்தைக் கீழே தள்ளி மேலே இழுத்தால் அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்வது. ஜான் பிரவுனிங் வடிவமைத்த வின்செஸ்டர் 1886, 1972-இல் மறுபடியும் வந்த மார்லின் 1895 இரண்டும் .45-70 சுடுபவை. இவற்றின் குழல் அகலம். 0.308 அங்குலக் குண்டோடு ஒப்பிட்டால் 0.458 அங்குலக் குண்டின் பரப்பு சுமார் 2.2 மடங்கு. குண்டு ஓர் அங்குலம் நகர்ந்தாலும் பின்னால் திறக்கும் இடம் அதே மடங்கில் அதிகம், வாயு பரவி அழுத்தம் சட்டென்று விழுந்துவிடும். 4831 என்ற எண்ணில் விற்கும் மருந்து போல மெதுவானதைப் போட்டால் அழுத்தம் ஏறுவதற்கு முன்பே குண்டு ஓடிவிடும், எரியாத துகள்கள் குழலில் கிடக்கும். கைத்துப்பாக்கி மருந்து போல மிக வேகமானதைப் போட்டால் கொஞ்சமே போதும், கூடு பெரும்பாலும் காலி. தவறி இரண்டு முறை ஊற்றினாலும் கண்ணுக்குத் தெரியாது, ரைஃபிள் சிதறும்.

அதனால் நடுவில் இருப்பவற்றைத் தேடுகிறார்கள். வேகமான பக்கத்தில் 4198, ரீலோடர் 7, மெதுவான பக்கத்தில் ஐஎம்ஆர் என்ற பிராண்டின் 3031. லேசான 300 கிரெயின் குண்டுக்கு வேகமான பக்கம், கனமான குண்டுக்கு மெதுவான பக்கம் என்பது பொதுவான போக்கு. 3031-க்கு எனக்குப் பிடித்த குணம் ஒன்று உண்டு: அது கூட்டை ஏறக்குறைய நிறைத்துவிடும். இரண்டு முறை ஊற்றினால் வழிந்துவிடும். இந்தக் கூடு 70 கிரெயின் கருமருந்துக்காகச் செய்தது, ஆகவே மற்றப் புகையில்லா மருந்துகள் பலவற்றைப் போட்டால் உள்ளே காற்று மிஞ்சும். மருந்து முன்பக்கம் சாய்ந்து கிடந்தால் ஒருவிதமாகவும், பின்பக்கம் கிடந்தால் வேறுவிதமாகவும் பற்றும், குண்டின் வேகம் மாறும். மெதுவாகச் சுடும் ஈயக் குண்டுக்கு அக்யூரேட் 5744 போன்றவை குறைந்த அளவிலும் நன்றாகப் பற்றும் என்பதால் விரும்பப்படுகின்றன.

இந்த ரைஃபிள்களில் தோட்டாக்கள் குழாய்க்குள் ஒன்றன் பின் ஒன்றாகப் படுத்திருக்கும். முன்னால் உள்ளதன் பற்றவைப்பான்மீது (கூட்டின் அடியில் இருக்கும், அடி விழுந்தால் மருந்துக்குத் தீ வைக்கும் சிறு கிண்ணம்) பின்னால் உள்ளதன் மூக்கு முட்டும். அதனால் குண்டின் மூக்கு தட்டையாக இருக்க வேண்டும், கூட்டின் வாயைக் குண்டின் பள்ளத்தில் நன்றாக மடித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் சுடும் உதைப்பில் குண்டு கூட்டுக்குள் இறங்கி, மருந்தை அழுத்தி, அழுத்தத்தை ஏற்றிவிடும். கூடு நிறைந்திருந்தால் பின்னாலிருந்தும் குண்டுக்குத் தாங்கல் கிடைக்கும்.

எண்ணைப் பார்த்து மட்டும் வாங்குவது ஆபத்து. ஐஎம்ஆர் 4198, ஹாட்ஜ்டன் 4198 இரண்டும் ஒரே எண், ஆனால் வேறு வேறு மருந்துகள். ஹாட்ஜ்டனுடையது ஆஸ்திரேலியாவில் தயாராவது. ஒன்றின் அளவை மற்றொன்றுக்குப் போடக் கூடாது. கருமருந்தின் அளவுக் கரண்டியால் புகையில்லா மருந்தை அளப்பது அதைவிட மோசம், ஒரே பருமனில் பல மடங்கு ஆற்றல் அடங்கிவிடும். கருமருந்தை வெடிமருந்து என்றும், புகையில்லா மருந்தையும் வெடிமருந்து என்றும் எழுதினால் படிப்பவருக்கு இந்த வேறுபாடே தெரியாமல் போகும் என்பது என் பெரிய கவலை. (இந்தியாவில் உரிமம் இல்லாமல் தோட்டா செய்வது 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி குற்றம் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.)

அளவுகளை நான் இங்கே தரவில்லை, மருந்து தயாரிப்பாளரின் கையேட்டில்தான் பார்க்க வேண்டும். அங்கே .45-70-க்கு மூன்று பகுதிகள் இருக்கும். 1873-இன் ஸ்பிரிங்ஃபீல்ட் கதவுப்பூட்டு ரைஃபிளுக்கு ஒன்று, நவீன நெம்புகோல் ரைஃபிளுக்கு ஒன்று, ரூகர் ஒன்றாம் எண் போன்ற வலுவான ஒற்றைத் தோட்டா ரைஃபிளுக்கு ஒன்று. பழைய ரைஃபிள்கள் இன்னும் புழக்கத்தில் இருப்பதால்தான் அமெரிக்கத் தொழில்தரம் இந்தத் தோட்டாவுக்கு ஒரு சதுர அங்குலத்துக்கு 28,000 பவுண்டு என்று தாழ்வான வரம்பு வைத்திருக்கிறது. கூடு மூன்றுக்கும் ஒன்றே, எந்த ரைஃபிளின் தோட்டா அறையிலும் நுழைந்துவிடும். அதனால் நிரப்பி முடித்ததும் பெட்டியின் மேல் மருந்தின் முழுப் பெயர், கிரெயின் எடை, குண்டின் எடை, எந்த ரைஃபிளுக்கு என்பதையெல்லாம் எழுதி ஒட்ட வேண்டும். தமிழில் எழுதுவதென்றால் அந்தச் சீட்டில் 'உந்துமருந்து: ஐஎம்ஆர் 3031' என்றோ 'கருமருந்து: இரண்டு எஃப்' என்றோ எழுதுங்கள், வெறும் மருந்து என்று எழுதாதீர்கள்.