செயின் நீளுவதே இல்லை

பைக் ஓட்டுகிற யாரும் ஒருமுறையாவது சொல்லியிருப்பார்கள்: "செயின் லூஸாயிடுச்சுண்ணே, கொஞ்சம் டைட் பண்ணி விடுங்க." மெக்கானிக்கும் பின்சக்கரத்தின் நட்டைத் தளர்த்தி, சக்கரத்தைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்து, முடுக்கிக் கொடுத்துவிடுவார். சில வாரங்களில் மறுபடி அதே சத்தம், அதே வேலை. காரணம் கேட்டால் "ஓட ஓட செயின் நீளும்ல" என்பார். கையில் இருப்பது எஃகு. அது எப்படி நீளும்?

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 100 சிசி வண்டியின் இன்ஜின் அதிகபட்சமாக ஏறத்தாழ 8 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை தரும். கிளட்சுப் பக்கத்துப் பற்சக்கரங்களும் முதல் கியரும் சேர்ந்து அதைப் பத்து மடங்குக்கு மேல் பெருக்குகின்றன. செயினை இழுக்கும் முன் பற்சக்கரமான ஸ்பிராக்கெட்டின் ஆரமோ மூன்று சென்டிமீட்டருக்கும் குறைவு. ஆக, சிக்னலில் இருந்து வண்டி சீறிக் கிளம்பும்போது செயினின் மேல்பக்கத்தில் 300 கிலோ எடையைத் தொங்கவிட்ட அளவுக்கு இழுவிசை விழலாம். கேட்கப் பெரிதாக இருந்தாலும், இந்த வண்டிகளில் வரும் 428 வகைச் செயின் அறுபட ஒன்றரை டன்னுக்கு மேல் வேண்டும். இரும்புத் தகடு நிரந்தரமாக நீளும் எல்லையை அன்றாட ஓட்டம் நெருங்குவதே கிடையாது.

நீளம் கூடுவது என்னவோ உண்மைதான். அது எங்கிருந்து வருகிறது என்று பார்க்க, செயினின் மூட்டு ஒன்றைக் கழற்றிப் பார்க்க வேண்டும். நடுவில் ஓர் ஆணி. அதைச் சுற்றிக் குழாய் போன்ற புஷ். புஷ்ஷுக்கு மேல் தளர்வாகச் சுழலும் ரோலர். இந்த அமைப்பை 1880இல் உருவாக்கியவர் ஹான்ஸ் ரெனால்ட். சுவிட்சர்லாந்தில் பிறந்து இங்கிலாந்தின் மான்செஸ்டரில் தொழில் நடத்தியவர். அதற்கு முந்தைய செயின்களில் தகட்டின் மெல்லிய ஓரமே நேராக ஆணிமேல் உட்கார்ந்து உராயும். கத்தி முனையால் அறுப்பது மாதிரி சீக்கிரம் தேய்ந்துவிடும். ரெனால்ட் நடுவில் புஷ்ஷை நுழைத்ததும் அதே சுமை ஆணியின் முழு அகலத்துக்கும் பரவியது. இன்றைக்கு நம் வண்டியில் ஓடுவதும் அடிப்படையில் அதே செயின்தான்.

இப்போது அந்த மூட்டின் வேலைப்பளுவைப் பார்ப்போம். முன்னால் 14 பல், பின்னால் 42 பல், செயினில் 112 கண்ணி என்று வைத்துக்கொள்வோம். முன் ஸ்பிராக்கெட்டில் ஏறும்போது ஒவ்வொரு மூட்டும் 26 பாகை அளவுக்கு மடங்குகிறது, இறங்கும்போது நிமிர்கிறது. பின்னால் இதே கதை 9 பாகை அளவில். ஒரு சுற்றுக்கு நான்கு அசைவு. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செயின் நொடிக்கு மூன்று சுற்றுக்கு மேல் ஓடும். அதாவது ஒவ்வொரு மூட்டும் நொடிக்குப் பதிமூன்று தடவை, ஆணியும் புஷ்ஷும் உராய அசைகிறது. அங்கே எண்ணெய் இல்லாவிட்டால் இரண்டும் ஒன்றையொன்று அரைத்துக்கொள்ளும்.

428இல் உள்ள 4 என்பது ஒரு கண்ணியின் நீளம், அங்குலத்தின் எட்டில் நான்கு பங்கு, அதாவது 12.7 மில்லிமீட்டர். பெரிய வண்டிகளில் வரும் 520, 525, 530 எல்லாம் எட்டில் ஐந்து, 15.875 மில்லிமீட்டர். நம் 112 கண்ணிச் செயின் புதிதாக 1422 மில்லிமீட்டர். ஒவ்வொரு மூட்டும் சராசரியாக 0.127 மில்லிமீட்டர் தேய்ந்தால் போதும், மொத்தச் செயினும் 14 மில்லிமீட்டர் கூடிவிடும். ஒரு வெள்ளைத் தாளின் தடிமனைவிடச் சற்றே அதிகமான தேய்மானம்தான். 112 இடத்தில் நடப்பதால் நமக்கு அது 'நீண்டுபோன செயினாக'த் தெரிகிறது.

இதைப் புரிந்துகொண்டால், டைட் செய்வது ஒரு வைத்தியமே இல்லை என்பது தெரியும். தேய்ந்த மூட்டு தேய்ந்தபடியேதான் இருக்கிறது. நாம் சக்கரத்தைத் தள்ளி, தொய்வை மட்டும் மறைக்கிறோம். ஒரு கண்ணிக்கும் அடுத்ததற்கும் இடையிலான தூரம் கூடிவிட்டதால் செயின் பல்லின் அடிவாரத்தில் உட்காராமல் கொஞ்சம் மேலே ஏறி உட்காரும். சுமை சில பற்களின் மேல்பகுதியிலேயே விழும். பல் ஒரு பக்கமாகச் சாய்ந்து கொக்கி மாதிரி ஆவது இப்படித்தான். அப்படிப்பட்ட ஸ்பிராக்கெட்டில் புதுச் செயினை மட்டும் மாட்டினால், பழைய பல் புதுச் செயினைச் சீக்கிரமே தன் வழிக்குக் கொண்டுவந்துவிடும். செயினையும் இரண்டு ஸ்பிராக்கெட்டுகளையும் செட்டாக மாற்றச் சொல்வதைக் கடைக்காரரின் வியாபாரத் தந்திரம் என்று நினைப்பவர்கள் உண்டு. இந்த விஷயத்தில் கடைக்காரர் சொல்வது சரி.

மாற்றும் நேரம் வந்துவிட்டதா என்று பார்க்க ஒரு ஸ்கேல் போதும். செயினின் கீழ்ப்பக்கத்தை இறுக்கமாக இழுத்துப் பிடித்து, ஓர் ஆணியின் மையத்தில் தொடங்கி இருபது கண்ணி தள்ளியிருக்கும் ஆணியின் மையம் வரை அளக்க வேண்டும். 428 செயின் புதிதில் 254 மில்லிமீட்டர் காட்டும். 257ஐ நெருங்கினால் செலவுக்குத் தயாராகலாம். 259 என்றால் இரண்டு சதவீதம் தேய்ந்துவிட்டது, தள்ளிப்போட வேண்டாம். வண்டியோடு வந்த கையேட்டில் வேறு எல்லை போட்டிருந்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்கேல்கூட இல்லையா? பின் ஸ்பிராக்கெட்டின் கடைசி முனையில் செயினைப் பிடித்துப் பின்னால் இழுத்துப் பாருங்கள். பாதிப் பல் வெளியே தெரிந்தால் முடிவு அதேதான்.

சரி, எவ்வளவு தொய்வு இருக்கலாம்? பல சிறிய வண்டிகளுக்கு நடுவில் விரலால் தூக்கி இறக்கினால் 25 முதல் 30 மில்லிமீட்டர் ஆட்டம் இருக்க வேண்டும் என்பார்கள். சரியான அளவும், அதை சென்டர் ஸ்டாண்டில் பார்ப்பதா சைடு ஸ்டாண்டில் பார்ப்பதா என்பதும் கையேட்டில் இருக்கும். இங்கே பலரும் கவனிக்காத ஒரு வடிவியல் இருக்கிறது. முன்னும் பின்னும் செயின் தொடும் இடங்களுக்கு நடுவே ஏறத்தாழ 53 சென்டிமீட்டர். இந்த இடைவெளியில் செயின் வெறும் ஒரு மில்லிமீட்டர் அதிகமாக இருந்தால், நடுவில் அதை 16 மில்லிமீட்டர் மேலேயும் அதே அளவு கீழேயும் தள்ள முடியும். இம்மியளவு நீளம் நடுவில் பெரிய தொய்வாக வெளிப்படுகிறது. நாம் 'சரியான ஆட்டம்' என்று பார்க்கும் 26 மில்லிமீட்டருக்குப் பின்னால் இருக்கும் உபரி நீளம் 0.64 மில்லிமீட்டர்தான்.

அதனால்தான் சக்கரத்தைப் பின்னுக்கு நகர்த்தும் அட்ஜஸ்டர் நட்டை இஷ்டத்துக்குச் சுற்றக் கூடாது. 8 மில்லிமீட்டர் போல்ட்டின் வழக்கமான மரையில் ஒரு முழுச் சுற்று 1.25 மில்லிமீட்டர். கால் சுற்று சுற்றினால் சக்கரம் 0.3 மில்லிமீட்டர் பின்னால் போகும்; மேலும் கீழும் இரண்டு பக்கமும் செயின் இருப்பதால் இரட்டிப்பு நீளத்தை அது விழுங்கிவிடும். 35 மில்லிமீட்டர் ஆடிக்கொண்டிருந்த செயின் அந்தக் கால் சுற்றிலேயே 24க்கு வந்துவிடும். "ஒரு சுத்து சுத்தி விடு" என்று சொல்வது எவ்வளவு பெரிய உத்தரவு என்று பாருங்கள்.

லூஸை எல்லோரும் பயப்படுகிறார்கள், டைட்டை யாரும் கண்டுகொள்வதில்லை. என்னைக் கேட்டால் பயப்பட வேண்டியது டைட்டுக்குத்தான். பின்சக்கரம் மேலும் கீழும் ஆடும்போது அது, தன்னைத் தாங்கும் கையான ஸ்விங் ஆர்ம் வண்டியில் மாட்டியிருக்கும் அச்சை மையமாக வைத்து வட்டமடிக்கிறது. ஆனால் முன் ஸ்பிராக்கெட் அந்த மையத்தில் இல்லை. சற்று முன்னால் இருக்கிறது. ஆகவே சக்கரம் ஏறி இறங்க, இரண்டு ஸ்பிராக்கெட்டுகளுக்கும் இடையிலான தூரமும் மாறிக்கொண்டே இருக்கும். முன் ஸ்பிராக்கெட்டின் மையம், ஸ்விங் ஆர்மின் அச்சு, பின்சக்கரத்தின் அச்சு மூன்றும் ஒரே கோட்டில் வரும்போது தூரம் உச்சம். பொதுவாக, ஆளோ சுமையோ ஏறி சஸ்பென்ஷன் அமுங்கும்போது வண்டி அந்த நிலையை நோக்கிப் போகிறது. ஸ்டாண்டில் 'கிண்'ணென்று முடுக்கிய செயினுக்கு, இரண்டு பேர் உட்கார்ந்து வேகத்தடையில் விழும்போது விட்டுக்கொடுக்க ஏதும் இருக்காது. அந்த விசை கியர்பாக்ஸின் வெளி அச்சுக்கும் அதன் பேரிங்குக்கும்தான் போகும். முன் ஸ்பிராக்கெட்டுக்குப் பின்னால் இருக்கும் ஆயில் சீல் கசிய ஆரம்பித்தால், சீலை மட்டும் குறை சொல்லாமல் செயின் எவ்வளவு இறுக்கமாக இருக்கிறது என்றும் பார்ப்பது நல்லது.

சில வண்டிகளில் ஓரிடத்தில் சரியாக இருக்கும் செயின், சக்கரத்தை அரைச் சுற்று சுற்றினால் வேறு மாதிரி இருக்கும். எல்லா மூட்டும் ஒரே அளவு தேய்வதில்லை; சில துருப்பிடித்து மடங்க மறுக்கும். நாம் எடுத்துக்கொண்ட 14 பல், 112 கண்ணி கணக்கையே பாருங்கள். 112ஐ 14ஆல் வகுத்தால் மீதியில்லாமல் 8. ஆக, முன் ஸ்பிராக்கெட்டின் ஒரு பல் எப்போதும் அதே எட்டுக் கண்ணிகளைத்தான் சந்திக்கும். 15 பல்லாக இருந்திருந்தால் எல்லாக் கண்ணியும் எல்லாப் பல்லோடும் முறை வைத்துச் சந்தித்திருக்கும், தேய்மானமும் பரவியிருக்கும். எப்படியிருந்தாலும், சக்கரத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்து, இருப்பதிலேயே இறுக்கமான இடத்தில் ஆட்டத்தைச் சரிசெய்ய வேண்டும். லூஸான இடத்தில் சரிசெய்தால் இறுக்கமான இடம் கம்பியாகிவிடும்.

பிக்கப் கூட வேண்டும் என்று முன் ஸ்பிராக்கெட்டைச் சிறிதாக்குகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. செயின் வளைந்து ஓடுவது வட்டத்தில் இல்லை, பலகோணத்தில். 14 பல் என்றால் பதினான்கு பக்கப் பலகோணம். முனையும் பக்கமும் மாறி மாறி வருவதால், இன்ஜின் சீராகச் சுற்றினாலும் செயினின் வேகம் இரண்டரை சதவீதம் கூடிக் குறையும். 17 பல்லில் இது 1.7 சதவீதம், 13 பல்லில் ஏறத்தாழ 3. பல் குறையக் குறைய ஒவ்வொரு மூட்டும் அதிகம் மடங்க வேண்டும், இழுவிசையும் கூடும். கிடைக்கும் பிக்கப்புக்கான விலையைச் செயின்தான் கொடுக்கிறது.

எண்ணெய்க்கு வருவோம். உராய்வு நடப்பது ஆணிக்கும் புஷ்ஷுக்கும் நடுவே. ஆகவே செயினின் மேல்முதுகில் அப்பும் கெட்டி கிரீஸால் பெரிதாக ஒன்றும் ஆகாது. அது உள்ளே போகாது. வெளியே இருந்து ரோட்டுப் புழுதியைப் பிடித்து அரைக்கும் பசையாக மாறும். வேஸ்ட் ஆயில் ஊற்றுவது நம்மூரில் பழைய பழக்கம். அதில் இன்ஜின் தேய்ந்த உலோகத் துகளும் கரியும் கலந்திருக்கும், ஓசியில் கிடைக்கிறது என்பதைத் தவிர அதில் நன்மை இல்லை. 90 கியர் ஆயில் மலிவானது, நன்றாகவே வேலை செய்யும். வண்டி ஓடி நின்றபின், செயின் சூடாக இருக்கும்போது, கீழ்ப்பக்கச் செயினின் உட்புறத்தில், தகடுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருக்கும் விளிம்பில் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். ஓடும்போது எண்ணெய் உள்ளிருந்து வெளியே எறியப்படும் என்பதால், உட்புறம் விட்டது மூட்டின் வழியாகத்தான் வெளியேறும். சற்று ஊறியபின் மேலே இருப்பதைத் துணியால் துடைத்துவிடலாம். ஐந்நூறு கிலோமீட்டருக்கு ஒருமுறை, மழையில் ஓட்டினால் அன்றைக்கே. மூட்டுகளின் ஓரத்தில் சிவப்புப் பொடி தெரிந்தால், உள்ளே எண்ணெய் வற்றி உலோகம் அரைபடுகிறது என்று அர்த்தம்.

தகடுகளுக்கு இடையே சின்ன ரப்பர் வளையங்கள் தெரிந்தால் அது ஓ-ரிங் செயின். இதில் கிரீஸைத் தொழிற்சாலையிலேயே உள்ளே அடைத்து ரப்பரால் மூடிவிடுகிறார்கள். வெளியே விடும் எண்ணெய் ரோலருக்கும், துருப்பிடிக்காமலிருக்கவும், ரப்பர் காயாமலிருக்கவும்தான். பெட்ரோலில் கழுவுவதும் கம்பி பிரஷ்ஷால் தேய்ப்பதும் அந்த ரப்பரைக் கெடுக்கும். மண்ணெண்ணெயும் மிருதுவான பிரஷ்ஷும் போதும். ஆனால் எந்தச் செயினாக இருந்தாலும், வண்டியை ஸ்டார்ட் செய்து கியரில் போட்டுச் சக்கரம் ஓட ஓடத் துடைக்கவே கூடாது. துணி மாட்டினால் விரலும் கூடவே உள்ளே போகும். பலர் விரலை இழந்தது இப்படித்தான். நியூட்ரலில் வைத்துக் கையால் சுற்றினாலே வேலை முடிந்துவிடும்.

முழுக் கவர் போட்ட செயின் புழுதியில்லாமல் நீண்ட நாள் உழைக்கும். கண்ணில் படாததால் மறந்துபோவதும் அதைத்தான். கவரின் கீழே ரப்பர் மூடி போட்ட ஒரு துளை இருக்கும். அதைக் கழற்றி விரலை விட்டால் ஆட்டம் தெரியும்.

நீங்களே டைட் செய்கிறீர்கள் என்றால் இரண்டு விஷயம். ஸ்விங் ஆர்மில் இருபக்கமும் உள்ள கோடுகள் ஒரே எண்ணில் நிற்க வேண்டும். இல்லையென்றால் சக்கரம் கோணலாகி ஸ்பிராக்கெட்டின் பக்கவாட்டைச் செயின் அறுக்கும். அச்சு நட்டை முடுக்கியபின் ஆட்டத்தை இன்னொரு தரம் பாருங்கள், முடுக்கும்போதே அது மாறுவது உண்டு. அப்புறம், பின்னால் டிரம் பிரேக் என்றால், சக்கரம் பின்னால் போனதும் பிரேக் ராடும் கூடவே இழுபட்டிருக்கும். பிரேக் லேசாகப் பிடித்தபடியே ஓடும்; டிரம் சூடாகும், மைலேஜ் குறையும். ராடின் நட்டைக் கொஞ்சம் தளர்த்தி, பெடலில் பழைய ஆட்டம் வருகிறதா, சக்கரம் தடையில்லாமல் சுற்றுகிறதா என்று பார்த்துவிட்டு ஸ்டாண்டை எடுங்கள்.