லே மானில் எந்தக் கார் உண்மையில் வேகமானது?

2025 ஜூன் மாதம், பிரான்ஸின் லே மான் 24 மணி நேரப் பந்தயம். கிளம்பும் வரிசையைத் தீர்மானிக்கும் குவாலிஃபையிங்கில் காடிலாக் அணியின் 12-ஆம் எண் காரை அலெக்ஸ் லின் 3 நிமிடம் 23.166 நொடியில் ஒரு சுற்று ஓட்டி முதலிடம் பிடித்தார், இரண்டாமிடமும் காடிலாக்குக்கே. போர்ஷேயின் 6-ஆம் எண் கார் எடைச் சோதனையில் குறைந்துவிட்டதால் அதன் குவாலிஃபையிங் நேரங்களை ரத்து செய்து, ஹைப்பர்கார் (பந்தயத்தின் வேகமான, முன்னணிப் பிரிவு) வரிசையின் கடைசிக்கு, 21-ஆம் இடத்துக்கு அனுப்பிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை மாலை ஜெயித்தது யார்? முதல் பத்து இடங்களுக்கு வெளியே இருந்து கிளம்பிய 83-ஆம் எண் மஞ்சள் ஃபெராரி. அதற்கு 14.084 நொடி பின்னால் இரண்டாவதாக வந்தது, கடைசியில் நிறுத்தப்பட்ட அதே போர்ஷே. காடிலாக் ஒன்றுகூட மேடை ஏறவில்லை.

காடிலாக் வேகமான கார் இல்லையா என்றால், வேகமான கார்தான், ஒரு சுற்றுக்கு. ஆனால் பந்தயம் 387 சுற்று ஓடியது. ஜெயித்த வித்தியாசத்தை 387-ஆல் வகுத்துப் பாருங்கள், சுற்றுக்கு 0.036 நொடி வரும். 13.626 கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு சுற்றில் அவ்வளவுதான் இடைவெளி. பயிற்சி முடிந்ததும் வெளியாகும் பட்டியலில் ஒரு கார் இன்னொன்றைவிட அரை நொடி வேகம் என்று பார்த்துவிட்டு 'இவர்கள்தான் ஜெயிப்பார்கள்' என்று முடிவுகட்டுவது ஏன் தப்பு என்பது இந்த ஒரு வகுத்தலிலேயே தெரிந்துவிடும். அந்த அரை நொடி காரிலிருந்துதான் வந்ததா, வேறு எதிலிருந்தாவது வந்ததா என்று முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும்.

முதலில் எரிபொருள். முழுத் தொட்டியோடு கிளம்பும் ஹைப்பர்கார் ஐம்பது கிலோவுக்கு மேல் எரிபொருளைச் சுமக்கிறது. எடை கூடினால் முடுக்கம் குறையும், பிரேக்கை முன்னாலேயே பிடிக்க வேண்டும், வளைவில் டயருக்கு வேலை அதிகம். லே மானில் சுற்றே நீளம் என்பதால் இந்த நஷ்டமும் நீளமாகவே சேரும். 10 கிலோவுக்குச் சுற்றுக்கு 0.3 நொடி என்று தோராயமாக ஒரு கணக்கு வைத்துக்கொள்வோம். ஒரு கார் நிறைந்த தொட்டியோடும் இன்னொரு கார் கிட்டத்தட்ட காலித் தொட்டியோடும் ஓடினால் வித்தியாசம் ஒன்றரை நொடி வரை போய்விடும். எந்த அணி எவ்வளவு ஊற்றிக்கொண்டு போனது என்பதை நேரப் பட்டியல் சொல்லாது.

அப்புறம் பாதை. லே மான் சுற்றின் பெரும்பகுதி மற்ற நாட்களில் லாரியும் காரும் போகிற சாதாரண நெடுஞ்சாலை. பந்தய வாரத்தின் தொடக்கத்தில் அது தூசியாக இருக்கும், கார்கள் ஓட ஓட ரப்பர் படிந்து பிடிமானம் ஏறும். அதனால் முதல் நாள் மதியம் போட்ட நேரத்தையும் மறுநாள் இரவு போட்ட நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்க முடியாது. முல்சான் நேர்ப்பாதையில் முன்னால் போகும் கார் காற்றைப் பிளந்து கொடுத்தால் பின்னால் வருபவருக்கு இலவசமாக வேகம் கிடைக்கும், அதுவும் அந்தச் சுற்றின் நேரத்துக்குள் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது போக்குவரத்து, அதாவது பாதையில் உள்ள மெதுவான கார்கள். 2025-இல் 62 கார் ஓடின, 21 ஹைப்பர்கார், அதற்கு அடுத்த வேகப் பிரிவான எல்எம்பி2 17, சாலைக் கார்களிலிருந்து உருவான, மூன்றிலும் மெதுவான ஜிடி3 24. ஹைப்பர்கார் ஒரு சுற்றை 3:28-இல் முடிக்கிறது, ஜிடி3 கார் அரை நிமிடம் கூடுதலாக எடுத்து 3:58-இல் முடிக்கிறது என்று வையுங்கள். ஹைப்பர்கார் ஒரு சுற்று முடிக்கும்போது ஜிடி3 கார் சுற்றின் 87 சதவீதத்தைத்தான் கடந்திருக்கும். மீதி 13 சதவீதம்தான் இரண்டுக்கும் நடுவே மாறும் தூரம், அதை 24 காரால் பெருக்கினால் ஒவ்வொரு சுற்றிலும் சராசரியாக மூன்று ஜிடி3 காரை முந்த வேண்டும். எல்எம்பி2-இல் ஒன்று சேர்த்தால் நான்கு. மூன்றரை நிமிடத்துக்குள் நான்கு முறை முந்துவது! நேர்ப்பாதையில் கிடைத்தால் நஷ்டமே இல்லை. 'போர்ஷே வளைவுகள்' என்று பெயருள்ள பகுதியின் நடுவே மாட்டிக்கொண்டால் ஒரு நொடி, சில சமயம் இரண்டு நொடி போய்விடும். ஆக, ஒரு சுற்று மெதுவாக இருந்தால் அதற்கு ஆயிரம் காரணம் இருக்கும், கார் அதில் ஒன்று மட்டும்தான்.

சரி, இவ்வளவு இரைச்சலுக்குள்ளிருந்து காரின் வேகத்தை எப்படிப் பிரித்தெடுப்பது? ஒரே ஒரு சிறந்த சுற்றை எடுக்காதீர்கள், எல்லாச் சுற்றுகளின் சராசரியையும் எடுக்காதீர்கள். எரிபொருளுக்கும் டயருக்கும் நிற்கும் இடமான பிட்டுக்குள் நுழையும் சுற்று, பிட்டிலிருந்து வெளியே வரும் சுற்று, எங்கோ விபத்து என்று 80 கிலோமீட்டர் வேகத்தில் ஊரச் சொன்ன சுற்று, இவற்றை முதலில் தூக்கி எறியுங்கள். மிச்சமிருப்பதில் வேகமான பாதியை மட்டும் எடுத்துச் சராசரி பாருங்கள். போக்குவரத்தில் மாட்டிய சுற்றுகள் பெரும்பாலும் மெதுவான பாதியில்தான் விழும் என்பதால் அவை தானாகவே கழன்றுவிடும். ரசிகர்கள் வீட்டில் உட்கார்ந்து செய்வதும் இதுதான், அணிகளின் பொறியாளர்கள் இன்னும் துல்லியமான தரவை வைத்துக்கொண்டு செய்வதும் அடிப்படையில் இதுதான்.

ஆனால் எனக்கு இதைவிடப் பிடித்த ஒரு வழி இருக்கிறது. ஒரு முறை எரிபொருள் நிரப்பிக் கிளம்பி, அடுத்த முறை நிரப்ப வரும்வரை ஓடுவதை ஸ்டின்ட் என்பார்கள். லே மானில் ஹைப்பர்காருக்கு அது பன்னிரண்டு, பதின்மூன்று சுற்று. ஸ்டின்ட்டின் போக்கில் இரண்டு விஷயம் எதிரெதிராக நடக்கிறது. எரிபொருள் சுற்றுக்கு நான்கு கிலோ அளவில் தீர்வதால் நம் தோராயக் கணக்குப்படி சுற்றுக்கு 0.12 நொடி வேகம் கூட வேண்டும். டயர் தேய்வதால் வேகம் குறைய வேண்டும். ஒரு கார் பன்னிரண்டு சுற்றும் ஒரே நேரத்தில் ஓடினால் 'டயர் தேயவே இல்லை' என்று தோன்றும், ஆனால் எரிபொருள் கொடுத்த லாபம் முழுவதையும் டயர் தின்றுவிட்டது என்பதுதான் நிஜம்.

இந்த இரண்டையும் பிரிக்க, டயர் மாற்றாமல் எரிபொருள் மட்டும் நிரப்பிக்கொண்டு இரண்டாவது ஸ்டின்ட் ஓடும் காரைத் தேட வேண்டும். முதல் ஸ்டின்ட்டின் ஐந்தாவது சுற்றிலும் இரண்டாவது ஸ்டின்ட்டின் ஐந்தாவது சுற்றிலும் தொட்டியில் கிட்டத்தட்ட ஒரே அளவுதான் இருக்கும். எரிபொருள் சமமாகிவிட்டது, மிச்சம் டயர் மட்டும். உதாரணமாக முதலாவது 3:28.9, இரண்டாவது 3:29.5 என்றால், பன்னிரண்டு சுற்றில் டயர் 0.6 நொடி இழந்திருக்கிறது. இன்னொரு கார் 3:29.2-இல் தொடங்கி 3:29.3-இல் நிற்கிறது என்று வையுங்கள். முதல் கார்தான் வேகமானது என்று பட்டியல் சொல்லும், ஆனால் மூன்றாவது ஸ்டின்ட்டுக்கும் அதே டயரில் போக நினைத்தால் இரண்டாவது காருக்குள் உட்காரத்தான் நான் ஆசைப்படுவேன். ஒரே ஒரு ஜோடிச் சுற்றை நம்பாமல் ஆறாவது, ஏழாவது, எட்டாவது சுற்றுகளையும் இப்படி ஜோடி சேர்த்துப் பாருங்கள், ஒன்றில் ஜிடி3 கார் குறுக்கே வந்திருந்தால் உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

ஒவ்வொரு ஸ்டின்ட்டின் நீளத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். ஹைப்பர்கார்களில் ஒரு ஸ்டின்ட்டுக்கு இத்தனை மெகாஜூல் ஆற்றல்தான் செலவழிக்கலாம் என்று வரம்பு உண்டு, அச்சுகளில் பொருத்திய உணரிகள் அதை அளந்துகொண்டே இருக்கும். நேர்ப்பாதையின் முடிவில் கொஞ்சம் முன்னதாகவே ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு உருளவிட்டால் ஆற்றல் மிச்சமாகும், பன்னிரண்டு சுற்று ஓடும் கார் பதின்மூன்று ஓடும். 387 சுற்றுக்கு அது ஏறக்குறைய இரண்டு பிட் நிறுத்தத்தை மிச்சப்படுத்தும். ஒரு நிறுத்தத்துக்கு ஒரு நிமிடம் என்று வைத்தால்கூட இரண்டு நிமிடம், அதாவது சுற்றுக்கு 0.3 நொடி. பட்டியலில் 0.2 நொடி மெதுவாகத் தெரியும் கார் உண்மையில் முன்னால் இருக்கலாம்.

இவ்வளவு கணக்கும், எல்லோரும் முழு வேகத்தில் ஓட்டுகிறார்கள் என்றால்தான் சரி. ஓட்டுவதில்லை என்ற சந்தேகம் எப்போதும் உண்டு. வெவ்வேறு வடிவமைப்புள்ள கார்களைச் சமப்படுத்த ஒவ்வொன்றுக்கும் எடை, சக்தி, ஆற்றல் அளவுகளை நடத்துபவர்களே நிர்ணயிக்கிறார்கள், பிஓபி (Balance of Performance) என்பது இதுதான். 2023-இல் பந்தயத்துக்குச் சுமார் பத்து நாள் இருக்கும்போது டொயோட்டாவுக்கு 37 கிலோ, ஃபெராரிக்கு 24, காடிலாக்குக்கு 11, போர்ஷேவுக்கு 3 என்று எடையை ஏற்றினார்கள். ஃபெராரி அந்த 24 கிலோவோடேயே 3:22.982 ஓட்டி முதலிடத்தில் கிளம்பி, 50 ஆண்டு கழித்து முன்னணிப் பிரிவுக்குத் திரும்பிய முதல் முறையே ஜெயித்தும் காட்டியது. எடை ஏறிவிடும் என்ற பயம் இருக்கும்போது வேகத்தை முழுசாகக் காட்ட யாருக்கு மனசு வரும்? பிஓபி பற்றி அணிகள் வெளியில் பேசவும் கூடாது என்பது விதி.

ஒளித்து வைத்தால் தடயம் விழும். சுற்றை மூன்று செக்டராகப் பிரித்து நேரம் எடுக்கிறார்கள். ஒரு கார் முதல் செக்டரில் ஒரு சுற்றிலும் மூன்றாவது செக்டரில் வேறொரு சுற்றிலும் எல்லோரையும் மிஞ்சுகிறது, ஆனால் எல்லாம் சேர்ந்த சுற்று ஒன்றுகூட வரவில்லை என்றால் நான் அதைச் சுற்றி வட்டம் போட்டுவிடுவேன். போக்குவரத்தாலும் அப்படி நடக்கும், ஆனால் இருபது சுற்று ஓடியும் திரும்பத் திரும்ப அதே கதை என்றால் யாரோ எங்கோ காலை எடுக்கிறார்கள் என்று அர்த்தம்.

வேகத்தைச் சரியாக அளந்தாலும் கார் நிற்காமல் ஓட வேண்டுமே. 2017-இல் கமுய் கோபயாஷி டொயோட்டாவில் 3:14.791 என்று ஓட்டினார், பார்த்த எனக்கு இன்றும் மறக்க முடியாத சுற்று அது. பந்தயத்தின் இரவில், பிட் வாசலில் வேறு அணியின் ஓட்டுநர் ஒருவர் உற்சாகப்படுத்தக் காட்டிய கட்டைவிரலை அதிகாரியின் சைகை என்று நினைத்துக் காரைக் கிளப்பி, நிறுத்தி, மறுபடி கிளப்பியதில் கிளட்ச் எரிந்து கார் வெளியேறியது. எந்த நேரப் பட்டியலிலும் அதைப் படித்திருக்க முடியாது.

அதனால் பந்தய வாரத்தில் ஒரே ஒரு பயிற்சியைத்தான் பார்க்க நேரம் இருக்கிறது என்றால் இரவுப் பயிற்சியைப் பாருங்கள். பந்தயத்தின் பல மணி நேரம் ஓடப்போவது அந்தக் குளிர்ந்த பாதையில்தான், டயர் சூடேற எத்தனை சுற்று ஆகிறது என்பதும் அப்போதுதான் தெரியும். இரண்டு மணி நேரப் பயிற்சியில் டயர் மாற்றாமல் இரண்டு ஸ்டின்ட் ஓட முடியும், ஒரு ஸ்டின்ட் 42 நிமிடம்தானே. முதல் அரை மணி நேரத்தில் மேலே ஏறும் பெயர்களை விட்டுவிடுங்கள். பிட்டுக்குள் வந்து, நான்கு டயரையும் தொடாமல், எரிபொருள் மட்டும் ஊற்றிக்கொண்டு வெளியே போகும் கார் எது என்று பார்த்து, அதன் ஐந்தாவது சுற்றிலிருந்து எழுத ஆரம்பியுங்கள்.