பழைய ரோவர் வாங்கியவர்கள் முதலில் பார்க்க வேண்டியது ரேடியேட்டரை

ரோவர் பி5பி என்ற பழைய பிரிட்டிஷ் கார் வைத்திருப்பவர்கள் பட்டறைக்கு வந்ததும் மர டாஷ்போர்டையும் தோல் இருக்கைகளையும் ஆசையாகக் காட்டுவார்கள். நான் கேட்பது, ரேடியேட்டரில் என்ன ஊற்றியிருக்கிறீர்கள் என்றுதான். "வெறும் தண்ணீர்தான்" என்றால் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

1979-இல் மார்கரெட் தாட்சர் பிரதமராக டவுனிங் தெருவில் வந்திறங்கிய கார் இது. அசல் பிரிட்டிஷ் வண்டி, ஆனால் எஞ்சினின் பூர்வீகம் அமெரிக்கா. ஜெனரல் மோட்டார்ஸ் 1961 மாடல்களுக்காகச் செய்த ப்யூக் வி8, அதாவது எட்டு சிலிண்டர் எஞ்சின் அது. பிளாக் (எஞ்சினின் உடல்), ஹெட் (அதன் மேல்மூடி) இரண்டுமே அலுமினியம். வார்ப்பதில் செலவு அதிகம், ரேடியேட்டர் அடைப்புப் புகார்கள் வேறு. மூன்றே மாடல் ஆண்டுகளில் கைவிட்டுவிட்டார்கள். ரோவரின் வட அமெரிக்கப் பொறுப்பாளர் புரூஸ் மெக்வில்லியம்ஸ் அதைக் கண்டுபிடிக்க, 1965-இல் ரோவர் உரிமம் வாங்கியது. வார்ப்பு முறையை மாற்றி, 3,528 சிசி எஞ்சினாக 1967-இல் பி5 காரில் வைத்தது. 1970-இல் ரேஞ்ச் ரோவருக்கும் அதுவே போனது.

அந்தப் பழைய அடைப்புப் பிரச்சினை இன்றும் தீரவில்லை. அலுமினிய பிளாக்குக்குள் பிஸ்டன் ஓடும் இரும்பு உறைகள் (லைனர்கள்). வெறும் தண்ணீர் ஓடினால் அலுமினியம் அரித்து, அந்தக் கசடு ரேடியேட்டர் குழாய்களில் போய்ப் படியும். அப்புறம் எஞ்சின் சூடாகும், ஹெட் வளையும், பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் இடையிலுள்ள கேஸ்கட் போகும். தண்ணீர் உறையாமலிருக்கக் கலக்கும் ஆன்டிஃப்ரீஸ் குளிர்காலத்துக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். அதில் கலந்திருக்கும் அரிப்புத் தடுப்பான் கோடையிலும் தேவை. அதற்கும் ஆயுள் உண்டு. அலுமினியத்துக்கு ஏற்ற ஆன்டிஃப்ரீஸாகப் பார்த்து இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள்.

ஆயில் பம்பைக் கழற்றினால் பற்சக்கரங்களைச் சுற்றி வாஸ்லின் நிரப்பித்தான் மூட வேண்டும். வேடிக்கையாகத் தோன்றும். ஆனால் பம்ப் காலியாக இருந்தால் ஆயிலை உறிஞ்சாது. எஞ்சின் ஆயிலில்லாமலே ஓடும்.

பெட்ரோல் விஷயமும் இருக்கிறது. 10.5-க்கு 1 அழுத்த விகிதம் கொண்ட இந்த எஞ்சின் தட்டாமல் எரியும் 100 ஆக்டேன் பெட்ரோல் கிடைத்த காலத்தில் பிறந்தது. பிரிட்டனில் 2021 முதல் பங்கில் சாதாரண பெட்ரோலாக வருவது 10 சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பர் குழாய்களை அது கெடுத்துவிடும். எத்தனால் குறைவான, ஆக்டேன் அதிகமான சூப்பர் பெட்ரோலே போடுங்கள். மேடேறும்போது டக் டக் என்று எஞ்சின் தட்டினால் தீப்பொறி விழும் நேரத்தை (இக்னிஷன் டைமிங்) சற்றுப் பின்தள்ளச் சொல்லுங்கள்.