மழை வந்தால் கணினி ஏன் படுத்துக்கொள்கிறது?

கடலூர் தேவனாம்பட்டினத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். "ஒவ்வொரு ஐப்பசியிலும் எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் படுத்துவிடுகிறது. ஸ்விட்சைப் போட்டால் ஃபேன் சுற்றும், லைட் எரியும், டிஸ்ப்ளே மட்டும் வராது. சர்வீஸ்காரர் வந்து ரேமைக் கழற்றி, என் பையனின் பென்சில் ரப்பரால் தேய்த்துத் திரும்ப மாட்டுவார். உடனே வந்துவிடும். 300 ரூபாய் வாங்கிக்கொண்டு போவார். போன மாதம் வேகம் கூடட்டும் என்று இன்னொரு 8 ஜிபி ரேம் வாங்கிப் போட்டேன். இப்போது முன்பைவிட மோசம். அந்த ரப்பரில் அப்படி என்ன இருக்கிறது? அவர் என்னை ஏமாற்றுகிறாரா?"

ஏமாற்றவில்லை. அவர் செய்வது நல்ல இயற்பியல். ரப்பரைவிடச் சிறந்த வழி ஒன்று உண்டு, அதைப் பிறகு சொல்கிறேன். கடலோரத்தில் கணினி வைத்திருக்கும் எல்லோருக்கும் உள்ள தொல்லை இது. புதுச்சேரி முத்தியால்பேட்டையிலும் கடலூர் முதுநகரிலும் மழைக்காலம் தொடங்கினால் சர்வீஸ் கடைகளில் இதே புகார்தான்.

கணினி எழும்போது என்ன நடக்கிறது என்பது பலருக்கும் தெரிந்ததுதான். மின்சாரம் வந்ததும், எல்லாப் பாகங்களும் இணைந்திருக்கும் தாய்ப்பலகையான மதர்போர்டில் இருக்கும் சிறு நிரல் முதலில் விழித்து, தற்காலிக நினைவகமான ரேம் இருக்கிறதா, ஒழுங்காகப் பேசுகிறதா என்று பார்க்கும். பேசவில்லை என்றால் அங்கேயே நின்றுவிடும். திரையில் படம் வருவதெல்லாம் அதற்குப் பிந்திய வேலை. அதனால்தான் ஃபேன் சுற்றியும் திரை இருட்டாகவே இருக்கிறது. சில மதர்போர்டுகள் பீப் போட்டுச் சொல்லும், சில வாயே திறக்காது.

டிடிஆர்4 வகை ரேம் பலகையின் விளிம்பில் 288 தொடுமுனைகள் உண்டு. மஞ்சளாகத் தெரியும் அந்தப் பற்கள் ஒவ்வொன்றின் மீதும், மதர்போர்டில் ரேமைச் செருகும் ஸ்லாட்டுக்குள் இருக்கும் ஒரு குட்டி ஸ்பிரிங் அழுத்திக்கொண்டிருக்கும். தரவுக்கான பாதைகள் மட்டும் 64. அவற்றில் ஒன்று தொடாமல் போனாலும் மொத்தமும் நின்றுவிடலாம்.

தொடுவது என்றால் என்ன? இந்தக் கேள்வி எனக்கு மிகவும் பிடித்தமானது. கண்ணுக்கு வழவழப்பாகத் தெரியும் உலோகப் பரப்பு, நுண்ணோக்கியில் மேடும் பள்ளமுமாக இருக்கும். அப்படிப்பட்ட இரண்டு பரப்புகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்தால், மேடும் மேடும் சந்திக்கும் சில புள்ளிகளில் மட்டுமே அவை உண்மையில் தொடுகின்றன. மின்சாரம் முழுவதும் அந்தப் புள்ளிகள் வழியாகத்தான் நெருக்கியடித்துப் போக வேண்டும். சுவீடன் நாட்டு இயற்பியலாளர் ராக்னார் ஹோல்ம் தன் வாழ்நாளின் பெரும்பகுதியை இந்தத் தொடுபுள்ளிகளை ஆராய்வதற்கே கொடுத்தார். கேம்பிரிட்ஜில் பௌடனும் டேபரும் உராய்வை ஆராயப் போய் இதே முடிவுக்கு வந்து சேர்ந்தார்கள்.

எவ்வளவு இடம் தொடுகிறது என்று நாமே கணக்குப் போடலாம். அழுத்தும் விசையை உலோகத்தின் கடினத்தன்மையால் வகுத்தால் போதும். ஸ்பிரிங் தரும் விசையை அரை நியூட்டன் என்று வைத்துக்கொள்வோம். பூசப்பட்ட கெட்டித் தங்கத்தின் கடினத்தன்மை சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 150 கோடி நியூட்டன். வகுத்தால் வருவது 330 சதுர மைக்ரோமீட்டர் சொச்சம். ஒரு தலைமுடியைக் குறுக்கே வெட்டினால் தெரியும் பரப்பில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. உங்கள் வீட்டுக் கணக்குவழக்கு, பிள்ளையின் ஆன்லைன் வகுப்பு, பேரனின் பிறந்தநாள் படங்கள் எல்லாம் நொடிக்குப் பல கோடி முறை அந்தத் துளி இடம் வழியாகத்தான் போய்வருகின்றன!

அந்த இடத்தில் ஒரு மெல்லிய படலம் வந்து உட்கார்ந்தால் என்ன ஆகும்? 50 நானோமீட்டர் தடிமன், அதாவது ஒரு மில்லிமீட்டரில் இருபதாயிரத்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்வோம். மின்சாரம் கடத்தாத படலத்தை உடைத்துக்கொண்டு போக, மீட்டருக்குப் பத்துக் கோடி வோல்ட் என்ற அளவில் மின்புலம் வேண்டும். வீட்டுச் சுவிட்சில் 230 வோல்ட் இருக்கிறது. அது இந்தப் படலத்தின் குறுக்கே மீட்டருக்கு 460 கோடி வோல்ட் புலத்தை உண்டாக்கும், படலம் பொசுங்கிப்போகும். அதனால்தான் பித்தளை கறுத்துப்போன பழைய சுவிட்சும் லைட்டை எரியவைக்கிறது. டிடிஆர்4 ரேம் வேலை செய்வதோ வெறும் 1.2 வோல்ட்டில். இங்கே புலம் 2.4 கோடிதான். படலம் அசையாமல் அப்படியே உட்கார்ந்திருக்கும். முந்தைய டிடிஆர்3 வகைக்கு 1.5 வோல்ட், இப்போது வரும் டிடிஆர்5 வகைக்கு 1.1. மின்சாரத்தைச் சிக்கனப்படுத்த வோல்ட்டைக் குறைக்கக் குறைக்க, தொடுமுனைகள் மேலும் சுத்தமாக இருந்தாக வேண்டியிருக்கிறது.

அதற்காகத்தான் தங்கம் பூசுகிறார்கள். தங்கம் துருப்பிடிக்காது, உப்புக்காற்று அதை ஒன்றும் செய்யாது. அப்படியானால் சர்வீஸ்காரர் ரப்பரால் எதைத் தேய்த்து எடுக்கிறார்?

தங்கத்துக்கு அடியிலிருந்து வந்ததைத்தான். ரேம் பல்லின் அடித்தளம் செம்பு. அதன்மேல் நிக்கல், அதற்கும் மேலே தங்கம். தங்கம் விலை கூடியது என்பதால் பூச்சு ஒரு மைக்ரோமீட்டரைவிட மெல்லியதாகவே இருக்கும். அவ்வளவு மெல்லிய பூச்சில் நுண்துளைகள் இருந்தே தீரும். அந்தத் துளைக்குள் உப்புநீர் ஒரு சொட்டு இறங்கினால் அங்கே ஒரு மின்கலம் உருவாகிவிடுகிறது. தங்கம் ஒரு முனை, நிக்கல் மறுமுனை, நடுவில் உப்புநீர். பள்ளிக்கூடத்தில் செம்பையும் துத்தநாகத்தையும் வைத்துச் செய்தோமே, அதே கலம்தான். எளிதில் கரையக்கூடிய உலோகம் கரைந்துகொடுக்கும். இதில் கொடுமை, பரப்பளவில் இருக்கிறது. வெளியே விரிந்து கிடக்கும் தங்கம் மிகப் பெரியது, துளைக்கு அடியில் தெரியும் நிக்கல் மிகச் சிறியது. பெரிய பரப்பு முழுவதற்குமான அரிப்பை அந்தக் குட்டிப் புள்ளி ஒன்றே தாங்க வேண்டும். நிக்கலைத் துளைத்ததும் செம்பும் கரையத் தொடங்குகிறது. கரைந்த உலோகம் உப்பாகவும் களிம்பாகவும் மாறி, துளை வழியே மேலே கசிந்து தங்கத்தின் மேல் படர்கிறது. ரப்பர் எடுப்பது இந்தக் களிம்பை.

அந்த ஒரு சொட்டு உப்புநீர் மூடிய கேபினட்டுக்குள் எப்படி வந்தது? அலை உடையும்போது நுரையில் இருக்கும் குமிழிகள் வெடித்து நுண்துளிகளை மேலே எறிகின்றன. நீர் ஆவியாகிவிடும், உப்புத்துகள் காற்றில் மிதக்கும். கோடையில் பிற்பகல் கடற்காற்று அதை ஊருக்குள் கொண்டுவருகிறது, ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்குக் காற்று நேராகக் கடலிலிருந்தே வீசுகிறது. கணினியின் ஃபேன் அந்தக் காற்றைத்தான் நாள் முழுக்க உள்ளே இழுக்கிறது. இப்படிச் சேர்ந்த உப்பு, வறண்டு கிடக்கும்வரை யாருக்கும் தொந்தரவு தருவதில்லை.

காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டும்போது சோடியம் குளோரைடு காற்றிலிருந்தே நீரை இழுத்துத் தானே கரைந்துவிடும். அதற்கு மழைநீர் ஒரு துளியும் வேண்டாம். அடைமழை நாளில் அடுப்பங்கரை உப்பு ஜாடி நீர் விட்டுக்கொண்டு நிற்கிறதே, அதுவேதான் ரேம் பல்லின் மேலும் நடக்கிறது. கடல் உப்பில் மக்னீசியம் குளோரைடும் கலந்திருக்கிறது. அது 33 சதவீத ஈரப்பதத்திலேயே நீரை இழுக்கத் தொடங்கிவிடும். மரக்காணம் உப்பளத்திலிருந்து வரும் கல் உப்பு, பாக்கெட் தூள் உப்பைவிடச் சீக்கிரம் கசகசப்பதற்கு இதுவே காரணம். கடலோர வீட்டுக் கணினியில் படிவதும் சுத்திகரித்த உப்பு இல்லை, இந்தக் கடல் உப்புதான்.

இங்கேதான் நம் கையில் இருக்கும் ஒரு வழி தெரிகிறது. வெளியே 28 டிகிரி வெப்பம், 85 சதவீத ஈரப்பதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கணினி ஓடும்போது உள்ளே 10 டிகிரி கூடி 38 ஆகிறது. நீராவியின் அளவு மாறவில்லை, ஆனால் சூடான காற்று கூடுதல் நீராவியைத் தாங்கும் என்பதால் ஒப்பு ஈரப்பதம் 48 சதவீதத்துக்கு இறங்கிவிடும். சோடியம் குளோரைடு அதில் கரைய முடியாது. ஓடும் கணினி தன்னைத் தானே பெருமளவு உலர்த்திக்கொள்கிறது. நின்றுபோன கணினிதான் நனைகிறது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது மின்சாரம் போய், ஈரம் சொட்டும் வீடுகளில் அணைந்து கிடந்த கணினிகளை நினைத்துப் பாருங்கள். தண்ணீரே படாத கணினிகூட அப்படிப்பட்ட நாட்களுக்குப் பிறகு எழ மறுப்பதில் வியப்பில்லை. தீபாவளி விடுமுறைக்கு ஊருக்குப் போய்த் திரும்பிய வீடுகளிலும் இதேதான் நடக்கிறது. எனவே மழைக்காலத்தில், வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும், தினமும் ஒரு மணி நேரமாவது கணினியை ஓடவிடுங்கள். புயலில் வீட்டுக்குள் தண்ணீர் வந்திருந்தால் மட்டும் இது பொருந்தாது. அப்போது நன்றாக உலர்த்திய பிறகுதான் சுவிட்சில் கை வைக்க வேண்டும்.

ரப்பருக்கு வருவோம். ரேமைக் கழற்றி மாட்டுவதே பாதி வைத்தியம். ஸ்பிரிங் பல்லின்மேல் உரசிக்கொண்டு இறங்கும்போது படலத்தைச் சுரண்டி, புதிய மேடுகளில் போய் உட்காருகிறது. மீதிப் பாதியை ரப்பர் செய்கிறது. ஆனால் ரப்பர் களிம்போடு தங்கத்தையும் கொஞ்சம் எடுக்கும். பேனா மை அழிக்கும் சொரசொரப்பான ரப்பரில் உராய்பொடி கலந்திருக்கிறது, அது கூடாது. ஒவ்வொரு மழைக்காலமும் தேய்த்துக்கொண்டே இருந்தால் பூச்சு மெலிந்து துளைகள் பெருகும். இந்த ஆண்டு சரியானது அடுத்த ஆண்டு சீக்கிரமே படுப்பதற்கு அதுவும் ஒரு காரணம். மருந்துக்கடையிலும் எலக்ட்ரானிக்ஸ் கடையிலும் கிடைக்கும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சு நுனியில் தொட்டு, பல்லைத் தடவித் துடைத்து, உலரவிட்டு மாட்டுவது மேல். தண்ணீர் கலக்காத, அடர்த்தி கூடியதாகக் கேட்டு வாங்குங்கள். துடைத்தும் தீராத பிடிவாதக் களிம்புக்கு மட்டும் மென்மையான வெள்ளை ரப்பர் போதும். வாயால் ஊதாதீர்கள். எச்சில் ஈரம் உள்ளே போகும்.

ஆயுத பூஜை பற்றியும் சொல்ல வேண்டும். கணினிக்குச் சந்தனமும் குங்குமமும் வைப்பது உழைப்புக் கருவிக்கு நாம் காட்டும் மரியாதை, அதில் எனக்கும் மகிழ்ச்சியே. பொட்டு கேபினட்டின் வெளித்தகட்டில் இருக்கட்டும். காற்றுத்துளைக்கு நேரே சாம்பிராணி காட்டுவதும், தீர்த்தம் தெளிப்பதும், விபூதியைத் தூவுவதும் வேண்டாம். ஃபேன் அத்தனையையும் உள்ளே இழுத்துக்கொள்ளும், புரட்டாசியில் நுழைந்த தூள் ஐப்பசியில் ஈரம் குடிக்கும். "நாள் சரியில்லாத நேரத்தில் வாங்கினது, அதான் மக்கர் பண்ணுது" என்று ஒரு கணினியையே ஒதுக்கிவைத்த வீட்டையும் பார்த்திருக்கிறேன். நல்ல நிலையில் இருந்த கருவி அது. ஒரு பிள்ளையின் படிப்பு அதனால் தடைப்பட்டது என்பது எனக்கு இன்றும் வருத்தம்.

இந்த அரிப்பையும் ஆராயும் ஒரு நிறுவனம் நம் மாநிலத்தில் இருக்கிறது. காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம், வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால் நம் ஊருக்கு வந்தது. 1948இல் அடிக்கல் நாட்டி 1953இல் திறந்தார்கள். கடற்காற்றில் உலோகங்கள் எப்படி அழிகின்றன என்று பார்க்க மண்டபத்தில் அதற்கு ஒரு மையமும் உண்டு. பெரிய டேட்டா சென்டர்களில் ஒரு செம்புத் தகட்டை ஒரு மாதம் தொங்கவிட்டு, அதில் படரும் அரிப்பு 30 நானோமீட்டருக்குள் இருந்தால்தான் அங்கே இருக்கும் காற்று கருவிகளுக்கு ஏற்றது என்று முடிவு செய்கிறார்கள். அதே செம்புத் தகட்டைக் கடலூர் முதல் புதுச்சேரி வரை அரசுப் பள்ளிக் கணினி அறைகளில் தொங்கவிடப் பெரிய செலவு ஆகாது. எந்தத் தெருவில் காற்று எப்படி என்ற வரைபடம் கிடைத்துவிடும். பள்ளிகளுக்குக் கணினி வாங்கப் பணம் ஒதுக்குகிறோம், அது கடலோரத்தில் எத்தனை ஆண்டு உழைக்கும் என்று கண்டறியவும் ஒதுக்க வேண்டும். அரிப்பு ஆராய்ச்சிக்குக் கவர்ச்சி இல்லை, ராக்கெட் போல் தலைப்புச் செய்தியில் வராது. ஆனால் பாலம், படகு, மின்கம்பம், கணினி எல்லாமே அதை நம்பித்தான் நிற்கின்றன.

இனி வாசகர் சொன்ன இன்னொரு சிக்கல்: புது ரேம் போட்ட பிறகு ஏன் மோசமானது? இரண்டு பலகைகளும் வேகத்தில் ஒத்துப்போகாமல் இருக்கலாம், அது எளிதில் தெரிந்துவிடும். நான் முதலில் சந்தேகப்படுவது அந்த இரண்டாவது ஸ்லாட்டை. கணினி வாங்கிய நாள்முதல் அது வாயைத் திறந்துகொண்டு காலியாகக் கிடந்திருக்கிறது. முதல் ஸ்லாட்டின் ஸ்பிரிங்குகளை ரேமின் பற்கள் ஓரளவு மூடிக்காத்தன. இதற்கு அந்தப் பாதுகாப்பும் இல்லை. இத்தனை ஆண்டு உப்பையும் தூசியையும் வாங்கிக்கொண்ட ஸ்பிரிங்கின் மேல் புத்தம்புதுப் பல்லைக் கொண்டுபோய் வைத்திருக்கிறீர்கள்.

சோதிப்பது எளிது. மின்இணைப்பைப் பிடுங்கிவிட்டு, கேபினட்டின் இரும்பை ஒருமுறை தொட்டு உடலின் நிலைமின்சாரத்தை இறக்கிக்கொள்ளுங்கள். புது ரேமைப் பழைய ஸ்லாட்டில் தனியாகப் போட்டு ஓட்டிப் பாருங்கள். ஓடினால் ரேம் நல்லது, கோளாறு அநேகமாக இரண்டாவது ஸ்லாட்டில். மீண்டும் மின்இணைப்பைப் பிடுங்கிவிட்டு, ரேம் பல்லில் ஆல்கஹாலை லேசாகத் தடவி, அந்த ஸ்லாட்டில் மூன்று நான்கு முறை செருகி எடுங்கள், ஒவ்வொரு முறையும் பல்லைத் துடைத்துவிட்டு. பஞ்சில் கறுப்பு வருவது நின்றதும் நன்றாக உலரவிட்டு மாட்டுங்கள். இந்த ஸ்லாட்டுகளுக்குப் பொதுவாக 25 முறை செருகி எடுப்பதுதான் தயாரிப்பாளர்கள் வைத்திருக்கும் கணக்கு. அதனால் தேவையில்லாமல் கழற்றிக்கொண்டே இருக்க வேண்டாம். அதன் பிறகும் வரவில்லை என்றால் சர்வீஸ்காரரையே கூப்பிடுங்கள். வரும்போது ரப்பருக்குப் பதில் ஆல்கஹால் கொண்டுவரச் சொல்லுங்கள்.